ஆர்ன்ஹெம் பாலம் ஏன் கைநழுவியது?

1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் நேச நாடுகள் நடத்திய மார்க்கெட் கார்டன் நடவடிக்கை தோற்றதற்கு, ஆர்ன்ஹெம் பக்கத்தில் ஜெர்மன் டாங்கிகள் ஒளிந்திருந்ததுதான் காரணமா, உளவுப் பிரிவு எச்சரித்தும் தளபதிகள் கண்டுகொள்ளவில்லை என்பது நிஜமா, இப்படி ஒரு திட்டம் எங்கேயாவது பலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அது கெட்ட நேரமா, கெட்ட திட்டமா? திட்டம்தான் என்பது என் பதில். ஆனால் வழக்கமாக டாங்கிகளைக் காட்டிச் சொல்லப்படும் காரணம் வேறு, நான் சொல்லப்போவது வேறு. நான் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பாலம் போடுவதும், தேவைப்பட்டால் அதே பாலத்துக்கு வெடி வைப்பதும்தான் எங்கள் தொழில். அதனால் ஆறு, பாலம், சாலை பற்றித் தைரியமாகப் பேசுவேன். எண்பது வருஷத்துக்கு முன் தளபதிகள் மனதில் என்ன ஓடியது என்பதற்கு மற்றவர்களைப் போலப் படித்ததை வைத்துத்தான் பேச முடியும்.

முதலில் நிலவரம். ஆகஸ்ட் முடிவில் ஜெர்மன் படை பிரான்ஸை விட்டுத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 4ஆம் தேதி ஆண்ட்வெர்ப் துறைமுகம் பிரிட்டிஷ் படையிடம் வந்தது. 8ஆம் தேதி முதல் வி-2 ராக்கெட் லண்டனில் விழுந்தது. அதை ஏவியது நெதர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து. ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரியின் யோசனை இது: பெல்ஜியம் எல்லையிலிருந்து ஆர்ன்ஹெம் வரை சுமார் 100 கிலோமீட்டரில் குறுக்கிடும் கால்வாய்கள், மாஸ் ஆறு, வால் ஆறு, கீழ் ரைன் ஆகியவற்றின் பாலங்களை வானத்திலிருந்து இறங்கும் படை பிடித்து வைத்திருக்க வேண்டும், ஜெனரல் ஹாராக்ஸின் பிரிட்டிஷ் தரைப்படையான 30ஆவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்தது ஒரு கோர்) டாங்கிகளோடு ஒரே சாலையில் ஓடிவந்து ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். ஐந்தோவன் பக்கம் அமெரிக்க 101ஆவது டிவிஷன், கிராவே, நைமேகன் பக்கம் அமெரிக்க 82ஆவது டிவிஷன், கடைசியில் ஆர்ன்ஹெமில் பிரிட்டிஷ் 1ஆவது வான்வழி டிவிஷனும் போலந்துப் பாராசூட் பிரிகேடும். இரண்டு மூன்று நாளில் டாங்கிகள் ஆர்ன்ஹெம் சேர்ந்துவிடும் என்று கணக்கு. செப்டம்பர் 10ஆம் தேதி நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் சம்மதித்தார்; 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகலில் படை இறங்கியது. இடையில் இருந்தது ஒரே வாரம்.

சாப்பர் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதையின் சாவி ஆர்ன்ஹெமில் இல்லை, கிராவேயில் இருக்கிறது. மாஸ் ஆற்றின் மேல் இருந்த நீளமான பாலம் அது. 82ஆவது டிவிஷனின் 504ஆவது ரெஜிமெண்ட் தளபதி கர்னல் டக்கர், ஒரு கம்பெனியையாவது ஆற்றின் தென்கரையில் இறக்கியே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் வடக்கே இறங்கினார்கள். தெற்கே போன கம்பெனியில் லெப்டினன்ட் ஜான் தாம்சன் தலைமையில் பதினாறு பேர் பாலத்துக்குச் சில நூறு மீட்டரிலேயே விழுந்தார்கள். மற்றவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் வடிகால் வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தார்கள். பாலத்தடியில் இருந்த விமான எதிர்ப்புத் துப்பாக்கி மேடையை, தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டான பசூக்காவால் அடித்துப் பிடித்து, அதே துப்பாக்கியை மறுகரைப் பக்கம் திருப்பினார்கள். அதற்குள் வடக்கிலிருந்து அவர்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றைக்கே பாலம் முழுசாகக் கைக்கு வந்தது. வெடி வைத்திருப்பவன் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தாக்குகிறவனுக்குத் தெரியாது; அதனால் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் இது. மார்க்கெட் கார்டனின் மூன்று பெரிய ஆற்றுப் பாலங்களில் இந்தப் பாடம் நடந்தது இந்த ஒன்றில் மட்டும்தான்.

ஆர்ன்ஹெமில் இறங்குமிடங்கள் பாலத்துக்கு மேற்கே 10 முதல் 13 கிலோமீட்டர் தள்ளி, வொல்ஃப்ஹேஸ், ரென்கம் பக்கத்துப் புல்வெளிகளில் இருந்தன. எல்லாமே வடகரை. முதல் நாள் தென்கரையில் ஓர் ஆள்கூட இறங்கவில்லை. ஏன் என்றால், அங்கே நிலம் தாழ்வான சதுப்பு, விமானம் இழுத்து வந்து விடும் இன்ஜின் இல்லாத கிளைடருக்கு ஆகாது. பாலத்தைச் சுற்றியும் வடக்கே டீலன் விமானத்தளத்திலும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அதிகம். இழுத்து வரும் விமானங்கள் அடிபடும் என்று விமானப்படை மறுத்தது. விமானங்களும் போதவில்லை, அதனால் டிவிஷன் மூன்று நாளில் மூன்று தவணையாக வர வேண்டும். செப்டம்பரில் பகல் குறைவு, விமான ஊழியர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, முதல் நாளிலேயே இரண்டு நடை போகும் யோசனையை அமெரிக்க ஜெனரல் வில்லியம்ஸ் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் விமானப்படை அதிகாரி ஹாலிங்ஹர்ஸ்ட் அதற்குத் தயாராக இருந்தார். இதற்கு முன் வகுத்துக் கைவிட்ட காமெட் என்ற திட்டத்தில், விடியலுக்கு முன் சில கிளைடர்களைப் பாலங்களின் பக்கத்திலேயே இறக்கும் ஏற்பாடு இருந்தது. மார்க்கெட் கார்டனில் அது காணாமல் போனது.

விமானப்படையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. 1943 ஜூலையில் சிசிலியில் பிரிமசோலே பாலத்தைப் பிடிக்க, இதே 1ஆவது பாராசூட் பிரிகேடை ராத்திரியில் இறக்கினார்கள். ஆட்கள் திசைக்கொருவராகச் சிதறி, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேரில் சுமார் 300 பேர்தான் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிடித்த பாலத்தையும் அன்று மாலையே விட வேண்டியதாயிற்று. சூடு கண்ட பூனை என்பார்களே, அப்படித்தான். பகலில், அகலமான மைதானத்தில், கூட்டமாக இறங்க வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது. ஆசை நிறைவேறியது: 17ஆம் தேதி ஆர்ன்ஹெமில் இறங்கியது பயிற்சியில் இறங்குவதுபோல ஒழுங்காக இருந்தது. இறங்கியதுதான் ஒழுங்கு. முதல் தவணையில் வந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் தவணைக்காக மைதானத்தையே காவல் காக்க வேண்டியிருந்தது. பாலத்தை நோக்கி நடந்தது மூன்று பட்டாலியன்கள் மட்டும்.

அந்த மூன்றில் வடக்கு வழியாகப் போன இரண்டும் காட்டுப் பாதையிலேயே மாட்டிக்கொண்டன. முதலில் மறித்தது டாங்கி டிவிஷன் அல்ல. கிராஃப்ட் என்ற ஜெர்மன் அதிகாரியின் கீழ் இருந்த, சில நூறு பேர் கொண்ட ஒரு பயிற்சிப் பட்டாலியன். தெற்கே ஆற்றோரச் சாலையில் போன ஜான் ஃப்ராஸ்டின் 2ஆவது பட்டாலியன் மட்டும் இரவு 8 மணி வாக்கில் பாலத்தின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ரயில் பாலத்தைப் பிடிக்க ஒரு கம்பெனியை அனுப்பினார். ஆட்கள் அதன் மேல் ஏறிய நேரத்தில் ஜெர்மானியர் அதை வெடித்துத் தகர்த்தார்கள். மறுகரையில் ஆள் இல்லாத குறை அங்கேயே தெரிந்துவிட்டது. சாலைப் பாலத்தின் தென்முனையை ராத்திரி இரண்டு முறை பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்புறம் நடந்தது பலரும் அறிந்த கதை: மற்றவர்களும் வந்து சேர்ந்து 740 பேர் வரை பாலத்தடி வீடுகளில் இருந்துகொண்டு, 18ஆம் தேதி காலை தெற்கிலிருந்து பாய்ந்து வந்த ஜெர்மன் அதிகாரி கிராப்னரின் கவச வண்டிகளைப் பாலத்தின் மேலேயே எரித்தார்கள். 20ஆம் தேதி ஃப்ராஸ்ட் காயம்பட்டார். 21ஆம் தேதி அதிகாலையோடு எதிர்ப்பு ஓய்ந்தது.

இப்போது உங்கள் டாங்கிக் கேள்வி. ஜெர்மன் ஜெனரல் பிட்ரிஷின் 2ஆவது எஸ்எஸ் பான்ஸர் கோர் (எஸ்எஸ் என்பது நாஜிக் கட்சியின் படை, பான்ஸர் என்றால் டாங்கிப் பிரிவு), அதாவது ஹோஹென்ஸ்டாஃபன், ஃப்ருன்ட்ஸ்பெர்க் என்ற இரண்டு டிவிஷன்கள், அந்த வட்டாரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது உறுதி. நேச நாடுகளுக்கு அது தெரியும் என்பதும் உறுதி: ஜெர்மன் சங்கேதச் செய்திகளைப் படித்ததிலிருந்து தெரிந்தது, டச்சுக்காரர்களும் சொன்னார்கள், ஐசன்ஹோவரின் தலைமை அதிகாரி பெடல் ஸ்மித் நேரில் போய் எச்சரித்தார். ஆக, ஒளிந்திருந்தன என்பது சரியல்ல. ஆனால் பிரான்ஸில் நார்மண்டிச் சண்டையில் நொறுங்கிய அந்த டிவிஷன்களிடம் அப்போது டாங்கிகள் மிகக் குறைவு. ஹோஹென்ஸ்டாஃபன் தன் வண்டிகளை ஒப்படைத்துவிட்டு ஜெர்மனிக்கு ரயிலேற வேண்டிய நிலை. கொடுக்க மனமில்லாமல் சிலவற்றின் சங்கிலியையும் துப்பாக்கியையும் கழற்றிவிட்டு ‘பழுது’ என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். கனமான டைகர் டாங்கிகள் பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தவை. முதல் ஆறு மணி நேரத்தில் பாலத்துக்கான வழியை அடைத்தது டாங்கி இல்லை, நடை தூரம்.

பிரையன் அர்க்கட் என்ற இளம் உளவு அதிகாரி டாங்கிகளை வானிலிருந்து படமெடுக்கச் செய்து, வான்வழி கோரின் தளபதி ஜெனரல் பிரௌனிங்கிடம் காட்டி, அதற்குப் பரிசாக ‘உடம்பு சரியில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்ற கதை உண்டு. அவர் எச்சரித்ததும், விடுப்பில் அனுப்பப்பட்டதும் நடந்தவை. பின்னாளில் ஐ.நா. சபையில் பெரிய பதவி வகித்தவர். ஆனால் அந்தப் படத்தில் இருந்தவை எஸ்எஸ் டிவிஷன்களின் டாங்கிகள்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். ஒரு பயிற்சிப் பிரிவின் பழைய டாங்கிகள் என்று சமீப வருஷங்களில் வாதிட்டிருக்கிறார்கள். அதே மாதிரி, ‘ஒரு பாலம் அதிகமாகப் போகிறோமோ’ என்று பிரௌனிங் மாண்ட்கோமரியிடம் முன்கூட்டியே சொன்னதாக வரும் வசனத்தையும் நான் நம்பி மேற்கோள் காட்டமாட்டேன். தோற்ற பிறகு பொருத்தமாக அமைந்த வசனம் அது. எச்சரித்தவராகச் சொல்லப்படும் அதே பிரௌனிங்தான் முதல் நாளே தன் தலைமையகத்தைக் கொண்டுபோக 38 கிளைடர்களை எடுத்துக்கொண்டார். அவை ஆர்ன்ஹெமுக்குப் போயிருக்க வேண்டியவை.

நைமேகன்தான் எனக்கு ஆர்ன்ஹெமைவிட வேதனையான இடம். வால் ஆற்றுப் பாலம் முதல் நாள் மாலை வரை லேசான காவலோடுதான் இருந்தது. கவின் தலைமையிலான 82ஆவது டிவிஷனுக்கு, கிழக்கே க்ரோஸ்பேக் மேட்டை முதலில் பிடித்து வைக்க வேண்டும் என்று பிரௌனிங் வலியுறுத்தியிருந்தார். எல்லைக்கு அப்பால் ரைஷ்வால்டு காட்டில் ஆயிரம் டாங்கி நிற்கிறது என்று வதந்தி வேறு. ஒரு பட்டாலியனை உடனே பாலத்துக்கு அனுப்பச் சொன்னேன் என்றார் கவின். மேடு பத்திரமான பிறகு போகச் சொன்னதாகத்தான் புரிந்துகொண்டேன் என்றார் அவர் கீழ் இருந்த ரெஜிமெண்ட் தளபதி கர்னல் லின்ட்குவிஸ்ட். இந்த வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. இரவில் போனபோது ஜெர்மானியர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அங்கேயும் மறுகரையில் யாரும் இறங்கியிருக்கவில்லை. அந்தக் குறையை 20ஆம் தேதி பட்டப்பகல் மூன்று மணிக்கு ரத்தம் கொடுத்துச் சரிசெய்தார்கள். துணிப்பக்கம் வைத்த மடக்குப் படகுகள் 26. படகு ஏற்றிய லாரிகள் நெரிசலில் மாட்டி, விடியற்காலை நடக்க வேண்டியது மதியத்துக்குத் தள்ளிப் போனது. துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையால் தண்ணீரைத் தள்ளினார்கள். மேஜர் ஜூலியன் குக்கின் ஆட்களைக் கரை சேர்த்துவிட்டு, குண்டு மழைக்குள் காலிப் படகைத் திருப்பி ஓட்டி வந்து அடுத்த நடை ஏற்றியவர்கள் 307ஆவது பட்டாலியனின் சாப்பர்கள். புறப்பட்டதில் பாதி அளவு படகுகள்தான் திரும்பி வந்தன. என் தொழில்காரர்கள் என்பதால் கூடுதலாக ஒரு வரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை பிரிட்டிஷ் டாங்கிகள் பாலத்தின் மேல் ஓடியபோது அது ஏன் வெடிக்கவில்லை? ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் மோடல், எதிர்த்தாக்குதலுக்கு வேண்டும் என்று அந்தப் பாலத்தைத் தகர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தார். இது உறுதி. கடைசி நேரத்தில் தானே வெடிக்கச் சொன்னதாகவும், வெடிக்கவில்லை என்றும் ஃப்ருன்ட்ஸ்பெர்க் தளபதி ஹார்மல் பின்னாளில் சொன்னார். யான் வான் ஹூஃப் என்ற டச்சு இளைஞர் 18ஆம் தேதி வெடியின் கம்பியை அறுத்துவிட்டார் என்று அந்த ஊர் நம்புகிறது. மறுநாள் அவர் கொல்லப்பட்டார். அவர் தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு நாள் கைவசம் இருந்த பாலத்தில், அறுந்த கம்பியை ஜெர்மன் சாப்பர்கள் சோதித்துப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? தினமும் இணைப்பைச் சோதிப்பது எந்தப் படையிலும் வழக்கம். அன்றைய பீரங்கி வீச்சில் கம்பி அறுந்திருக்கலாம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இது ஊகம், ஆதாரம் இல்லை.

பாலத்தைக் கடந்த டாங்கிகள் ஏன் அன்று ராத்திரியே மிச்சமிருந்த 17 கிலோமீட்டரை ஓடிக் கடக்கவில்லை என்று அமெரிக்க வீரர்கள் கடைசிவரை கோபப்பட்டார்கள். கோபம் நியாயம். ஆனாலும் கடந்தது கைவிரலில் எண்ணும் அளவுக்கான டாங்கிகள். அவற்றோடு போகக் காலாட்படை இல்லை. சாலை இரண்டு பக்கமும் ஈர நிலத்துக்கு மேலே எழுந்து நிற்கும் கரை மேல் போகிறது. அதில் ராத்திரி ஓடும் டாங்கி தூரத்திலிருந்தே வானத்துப் பின்னணியில் தெரியும், முதல் வண்டி அடிபட்டால் பின்னால் வருவது ஒதுங்கக்கூட இடமில்லை. ஃப்ராஸ்டின் ஆட்கள் முடிந்துபோனதும் கிட்டத்தட்ட அதே இரவு. 36 மணி நேரம் முன்னால் இருந்திருந்தால் பேச்சே வேறு.

அந்த 36 மணி நேரத்தில் ஒரு பகுதி சோன் என்ற இடத்தில் போனது. 101ஆவது டிவிஷன் நெருங்கும்போதே வில்ஹெல்மினா கால்வாய்ப் பாலத்தை ஜெர்மானியர் வெடித்துவிட்டார்கள். 18ஆம் தேதி மாலை டாங்கிகள் அங்கே வந்தன. ராத்திரி முழுக்க, இரும்புப் பேனல்களைக் கோத்துப் போடும் பெய்லி பாலம் போட்டு 19ஆம் தேதி காலை ஆறேகால் வாக்கில் திறந்தார்கள். பெய்லியின் ஒரு பேனல் சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்கி, துளையோடு துளை பொருத்தி, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். இருட்டில், புதுச் சேற்றில் இதைச் செய்தவர்களுக்குத் தெரியும், அது நல்ல வேகம். தாமதத்துக்கு அவர்கள் மேல் பழி போட முடியாது. பழி அந்த ஒற்றைச் சாலைக்கு: 20,000 வண்டிகள், அதே சாலையில் பாலச் சாமான், படகு, பீரங்கிக் குண்டு எல்லாம். பக்கவாட்டில் ஜெர்மானியர் அடிக்கடி வந்து சாலையை வெட்டினார்கள். அப்படி வந்தவர்களில் 15ஆவது ஜெர்மன் படையினரும் இருந்தார்கள். ஆண்ட்வெர்ப்பைப் பிடித்த கையோடு ஷெல்ட் ஆற்று முகத்துவாரத்தை அடைத்திருந்தால் அவர்கள் தப்பியே இருக்கமாட்டார்கள்.

வயர்லெஸ் வேலை செய்யாதது, ஆர்ன்ஹெம் டிவிஷன் தளபதி ராய் அர்க்கட் (உளவு அதிகாரி அர்க்கட் வேறு, இவர் வேறு) ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்து ஒன்றரை நாள் யாருக்கும் கிடைக்காமல் போனது, இங்கிலாந்து மூடுபனியால் இரண்டாம் தவணை தாமதமானது, போலந்துப் பிரிகேட் 19க்குப் பதில் 21ஆம் தேதி தென்கரையில் ட்ரீலில் இறங்கியது எல்லாம் உண்மைதான். ஆனால் வயர்லெஸ் கெடுவதும் பனி மூடுவதும் நடக்கக்கூடியவையே. அவற்றில் ஒன்று நடந்தாலே கவிழும்படி வகுத்ததுதான் குறை. 25ஆம் தேதி ராத்திரி மழையில் ஆற்றைக் கடந்து சுமார் 2,400 பேர் திரும்பினார்கள். வடகரைக்குப் போன பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் 1,500 பேர் இறந்தார்கள், 6,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். தொண்ணூறு சதவீத வெற்றி என்றார் மாண்ட்கோமரி. திட்டத்தை ஆரம்பத்திலேயே குறை சொன்ன போலந்துத் தளபதி சொசபொவ்ஸ்கி டிசம்பரில் பதவி இழந்தார். 2006இல் டச்சு அரசு அவருக்கு மறைவுக்குப் பின் விருது கொடுத்தது. டச்சு மக்கள் கொடுத்த விலை இன்னும் பெரிது: படை இறங்கிய அன்று லண்டனில் இருந்த அவர்கள் அரசு ரயில்வே வேலைநிறுத்தம் அறிவித்தது, பதிலுக்கு ஜெர்மானியர் உணவை நிறுத்தினார்கள், அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள்.

கடைசிக் கேள்வி, இது எங்கேயாவது பலிக்குமா. பலித்திருக்கிறது. இதற்கு மூன்றே மாதம் முன், 1944 ஜூன் 6 அதிகாலையில், மேஜர் ஜான் ஹோவர்டின் ஆட்கள் கிளைடர்களில் கான் கால்வாய்ப் பாலத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் இறங்கிச் சில நிமிடங்களில் அதைப் பிடித்தார்கள். நம் பக்கம், வங்கதேசப் போரில் 1971 டிசம்பர் 11ஆம் தேதி டாங்கைல் அருகே லெப்டினன்ட் கர்னல் பன்னுவின் 2ஆவது பாராசூட் பட்டாலியன் இறங்கி, அன்றிரவே பூங்லி பாலத்தைப் பிடித்தது. மறுநாள் மராத்தா ரெஜிமெண்ட் தரைவழியாக வந்து சேர்ந்துகொண்டது. காதர் சித்திக்கியின் கீழ் இருந்த வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினி அந்த வட்டாரத்தை ஏற்கனவே கையில் வைத்திருந்தது, எதிரி பின்வாங்கும் அவசரத்தில் இருந்தான், பிடிக்க வேண்டியது ஒரு பாலம், காத்திருக்க வேண்டியது ஒரு நாள். அங்கேயும், மைமன்சிங்கிலிருந்து பின்வாங்கிய பாகிஸ்தான் பிரிகேடில் ஒரு பகுதி பாராசூட்டுகள் விழுவதற்கு முன்பே பூங்லியைத் தாண்டி டாக்கா பக்கம் போய்விட்டது.